புரட்டாசியில் பிடித்த கொடுவா

அன்றைக்குச் சிங்கப்பூரில், சாங்கிக் கடலுக்குள், அந்தக் கெலோங் மீன்பிடி மேடையின் மேல் நின்றவர்கள் ஐந்து பேர். யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், அங்கே இல்லாதவர்களும் கூட இருந்து பார்த்ததுபோலப் பேசியிருக்கிறார்கள். ஒன்று, நான். இரண்டாவது என் அக்காவின் கணவர், லாரி ஓட்டுகிறவர், அத்தான் என்று கூப்பிடுவேன். மூன்றாவது சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். நாகூர்ப் பக்கத்துக்காரர், அத்தானுக்குத் தூண்டில் கூட்டாளி. நான்காவது அந்தக் கெலோங்கைக் காவல் பார்த்த மலாய்க்காரப் பெரியவர். எங்கள் எல்லாருக்கும் அவர் பாக்சிக், மலாயில் சித்தப்பா என்பதுபோல. ஐந்தாவது, கறுப்புக் குடையும் கையுமாகச் செம்பவாங்கிலிருந்து வந்திருந்த ஒரு ஸ்டோர் கீப்பர். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மீனையும் சேர்த்தால் ஆறு. சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. ஆணி, கம்பி, கீல், பூட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனாலும் கவலையில் மட்டும் மேற்படிப்பு வரைக்கும் போய்விட்டேன். நாள் முழுக்கப் பூட்டு விற்கிறவன், என் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். வானம் வெளுத்திருந்தால் வெயில் தாங்காதே என்று பயம், கறுத்திருந்தால் மழை பிடித்துக்கொள்ளுமே என்று பயம். "இவன் சிரிச்சாலும் ஒரு கண்ணு அடுத்து என்ன வரப்போகுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும்" என்பாள் அக்கா.

அந்த அக்காதான் ஒரு நாள் செம்பவாங்கிற்குப் பெண் கேட்டுப் போனாள். போன இடத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளுக்கு அதிகம் அகப்படவில்லை. படிப்பு இல்லை. சொந்த வீடு இல்லை. சம்பளத்தைச் சொன்னால் பெண் வீட்டார் காப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. பேச்சு அப்படியே தரையில் கிடந்தபோது, பெண்ணின் அப்பா தனக்குக் கொடுவா மீன் என்றால் உயிர் என்று ஏதோ வாக்கில் சொன்னாராம். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி தூண்டிலப் போட்டா கொடுவா தானா வரும். எந்த மாசமா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். தீபாவளி போய், கந்த சஷ்டியும் முடியட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன், மாப்பிள்ளைப் பையன் பிடித்த கொடுவாவைச் சாப்பிட்டுவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றாராம். வேறு இரண்டு இடத்திலிருந்தும் அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தார்கள். ஒருவன் ஆபீஸ் கிளார்க். எனக்கு இருந்தது ஒரே ஒரு கொடுவாதான். அதுவும் இன்னும் கடலில் இருந்தது.

உண்மை என்னவென்றால், அதுவரை நான் ஒரு கெளுத்திக் குஞ்சுகூடப் பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானும் பாயும் சாங்கியில் சம்பான் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போவார்கள். நான் கூடப் போய்ச் சம்பானுக்குள் ஏறும் தண்ணீரைத் தகர டப்பாவால் இறைத்துக்கொண்டு, மேகத்தைப் பார்த்துக் கவலைப்படுவேன். அப்படிக் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே கடலின் மாதங்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. மீன் பிடிக்கிறவனுக்குக் காற்று திரும்பிய பிறகுதான் தெரியும். பயந்தவனுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆடி ஆவணியில் தெற்கிலிருந்து காற்று. விடியும் நேரத்தில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று ஒரு கறுப்புச் சுவர்போல மழை எழுந்து வரும். அரை மணி நேரம் அடித்து நொறுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் போய்விடும். பிறகு புரட்டாசி. தெற்குக் காற்று சோர்ந்து, வடக்குக் காற்று இன்னும் கிளம்பாமல், கடல் இரண்டுக்கும் நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். கொடுவா கரையோரத்துக்கு வரும். ஐப்பசி பிறந்ததும் மத்தியானத்தில் இடி. மாதக் கடைசியில் காற்று வடக்கே திரும்பும். கார்த்திகை மார்கழியில் கேட்கவே வேண்டாம். சாங்கிப் பக்கத்துத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். தூண்டிலைப் போட்டால் மீனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆக, கொடுவாவுக்கு ஏற்ற மாதம் புரட்டாசி. நாங்கள் கவிச்சி தொடாத மாதமும் புரட்டாசி.

இந்தக் கடலுக்கும் எங்கள் பஞ்சாங்கத்துக்கும் ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இழுப்பு அதிகம். ஈயக் குண்டையே அடித்துக்கொண்டு போய்விடும். தூண்டில் போட வசதியாக இழுப்பு குறைவது அஷ்டமி, நவமியை ஒட்டி. அஷ்டமி நவமியில் எங்கள் வீட்டில் புதுச் சட்டைகூடப் போடமாட்டார்கள். இதில் அக்கா எனக்குக் கல்யாணம் கூட வேண்டும் என்று பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, அந்த வருஷம் புரட்டாசி முழுக்க வீட்டில் மீன் வாசனையே கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். கல்யாணம் கூடுவதற்கு மீன் கூடாது. மீன் இல்லாவிட்டால் கல்யாணம் கூடாது. எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

அத்தானுக்கு எதுவும் பெரிதில்லை. ஐப்பசிக் கடைசியில் போனால் ஒரு கொடுவாவாவது அகப்படாதா என்று, இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வும் சேர்த்துக் கேட்டார். அகப்படாவிட்டால் என்றேன். அகப்படும் என்றார். அகப்படாவிட்டால் என்று மறுபடியும் கேட்டேன். அவர் லாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

வழி தோன்றியது எனக்குத்தான். புரட்டாசியிலேயே பிடிப்பது. பிடித்துக் கொல்லாமல், பாக்சிக்கின் கெலோங்கில் ஒரு மூங்கில் கூண்டில் போட்டுக் கடலுக்குள்ளேயே தொங்கவிடுவது. ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துக்கொண்டு வருவது. கெலோங் என்பது கரையிலிருந்து சம்பானில் போகும் தூரத்தில், கடலுக்குள் நிபோங் பனைக் கம்பங்களை வரிசையாக ஊன்றி, மேலே பலகை பாவி, ஒரு குடிசையும் கட்டி வைத்திருக்கும் மீன்பிடி மேடை. அங்கே கூண்டு தொங்க இடமிருந்தது. பாக்சிக்கும் எந்நேரமும் இருப்பார்.

விரதத்துக்கு இது பங்கம் ஆகுமா என்று அக்காவிடம் கேட்டோம். அவள் நன்றாக யோசித்தாள். "உசுரோட இருக்கிற மீன் கவிச்சி இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆனால் நானோ அத்தானோ தொடக்கூடாது. தூண்டில், இரை, கொக்கி எல்லாம் பாய் கையில். நாங்கள் சம்பானில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். "பாக்குறதுல பாவமில்ல."

நவமி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அத்தான் தன் கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூண்டில் நரம்பு அசையும்போதெல்லாம் அந்தக் கைகள் தானாக எழும்பும். பாய் ஒரு பார்வை பார்ப்பார். திரும்ப முழங்காலுக்குள் போய்விடும். இழு, விடு, இப்ப இழு என்று வாயாலேயே அத்தான் பிடித்த மீன் அன்றைக்குப் பத்து இருக்கும். பாய் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல், மத்தியானத்துக்குள் ஒரு கொடுவாவை ஏற்றினார். முழங்கை நீளம். வெள்ளிப் பாத்திரம் மாதிரி உடம்பு. என் கவலைக்கு ஏற்ற மீன்.

பாக்சிக் தீனிக்கு ஒரு நாளைக்கு இருபது காசு, அதாவது ஐந்து நாளைக்கு ஒரு வெள்ளி, கேட்டார். குஞ்சு மீன், இறால் தலை, இப்படி ஏதாவது. அவர் போடுவதால் அந்தப் பாவமும் எங்களைச் சேராது என்று அத்தான் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். எனக்கிருந்த சம்பளத்தில் இருபது காசு சின்ன விஷயமில்லை. ஆனாலும் மீன் செத்துவிடுமோ என்ற கவலைக்கு அதைவிடக் கூடுதலாகவே செலவழித்திருப்பேன்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தேன். கூண்டு போட்ட மறு வாரம் அது ஓரமாகக் கோபித்துக்கொண்டு கிடந்தது. பாக்சிக் தினமும் பலகையில் தகர டப்பாவால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் தீனி போடுவார். தீபாவளி வருவதற்குள், தட்டும் சத்தம் கேட்டதும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கக் கற்றுக்கொண்டது. என்னைப் பார்த்தாலும் வந்தது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும், இதை எப்படிச் சட்டியில் போடப்போகிறோம் என்று கவலையாகவும் இருந்தது. அந்தக் கவலையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் பயந்தபடியே காற்று வடக்கே திரும்பிவிட்டது. ஆனால் நான் பயப்படாத ஒன்றும் நடந்தது. பதினொரு மணிக்கு வரவேண்டிய ஸ்டோர் கீப்பர், பஸ் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு பஸ் முன்னதாகவே கிளம்பி, காலை எட்டுக்கெல்லாம் வாசலில் வந்து நின்றார். கையில் குடை. தோளில் ஒரு பை. அதில் மாற்றுச் சட்டை, துண்டு, வயிற்றுவலி மாத்திரை. நாங்கள் சாங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

"மீன் இன்னும் கடல்லதான் இருக்கா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் புடிக்கப் போறாங்கண்ணே. கடல்லேருந்து நேரா சட்டிக்கு" என்றாள் அக்கா. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அப்ப நானும் வர்றேன். தம்பி எப்படிப் புடிக்கிறார்னு பாத்துடலாம்."

அவர் லாரியில் முன்னால் ஏறி அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் பாயும் பின்னால். ஃபேரர் பார்க் தாண்டுவதற்குள் பாய் எனக்குத் திட்டத்தைச் சொல்லிவிட்டார். கிளம்பும் முன் அத்தான் அவர் காதில் போட்டதாம். நான் கெலோங்கின் முன்பக்கத்தில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியது. கூண்டு பின்பக்கம். பாய் ஒதுங்கப் போகிறவர்போலப் பின்னால் போய், ஏணியில் இறங்கி, பலகைக்கு அடியிலேயே கம்பம் கம்பமாக வந்து, கூண்டு மீனை என் கொக்கியில் மாட்டிவிடுவார். நான் இழுக்க வேண்டியது. நீங்கள் விழுந்துவிட்டால் என்றேன்.

"தம்பி, நான் நாகூர்ல பொறந்தவன். கடல் என்னைய என்னா பண்ணும்?" என்றார் பாய். சிங்கப்பூருக்கு வந்தபின் இருபது வருஷமாக அவர் இறங்கிய ஆழமான தண்ணீர் கடை வாசல் சாக்கடைதான் என்பது எனக்குத் தெரியும்.

சம்பான் போகும்போதே அலை தூக்கிப் போட்டது. தண்ணீர் பழுப்பு. ஸ்டோர் கீப்பர் ஒரு கையால் குடையையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, இந்தச் சம்பானுக்கு வயது என்ன, பலகை எப்போது மாற்றியது, பாக்சிக்குக்கு நீச்சல் வருமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அத்தனையும் நான் என் மனசுக்குள் எப்போதோ கேட்ட கேள்விகள். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

கெலோங்கில் ஏறினோம். பாய் வயிற்றைத் தடவிக்கொண்டு பின்னால் போனார். நான் முன்பக்கம் உட்கார்ந்து தூண்டிலை இறக்கினேன். அலை ஆட்டியதில் நரம்பு தானாக ஆடியது. பார்க்கிறவர்களுக்கு அனுபவசாலி மாதிரி இருந்திருக்கும். அத்தான் ஸ்டோர் கீப்பரைப் பேச்சில் பிடித்து வைக்கப் பார்த்தார். பலகைக்கு அடியில் 'தொபக்' என்று ஒரு சத்தம். பிறகு மெதுவாக, "யா அல்லா" என்று ஒரு குரல். அலை, அலை என்றார் அத்தான்.

ஸ்டோர் கீப்பருக்கு ஒரு பழக்கம். நின்றுகொண்டு யோசிக்கும்போது குடையின் நுனியால் தரையைத் தட்டுவார். தட்டினார். மூன்று தட்டு.

அடியில் பாய் அப்போதுதான் கூண்டின் மூடியைத் திறந்திருக்கிறார். கொக்கி கைக்கு எட்டுவதற்குள் மீன் அவர் கக்கத்தில் நுழைந்து வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்திருக்கிறதே. நேராகக் குடை தட்டின இடத்துக்கு வந்து, பழுப்புத் தண்ணீரைப் பிளந்துகொண்டு தலையைத் தூக்கி, ஸ்டோர் கீப்பரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

என் தூண்டில் அங்கிருந்து நாலடி தள்ளித் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் மீனையே பார்த்தார். பிறகு நாலைந்து அடி நகர்ந்து போய், இன்னொரு பலகையில் தட்டினார். மீன் அங்கே போய் வாயைத் திறந்தது. திரும்ப வந்து தட்டினார். அதுவும் திரும்ப வந்தது. இதற்குள் இடுப்பு வரை தண்ணீருக்குள், உப்பிய கைலியோடு, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாய் எங்கள் எல்லார் பார்வைக்கும் வந்துவிட்டார். கையில் கொக்கி. சலாம் வைக்க ஒரு கைகூட மிச்சமில்லை.

ஸ்டோர் கீப்பர் பாக்சிக்கிடம் மலாயில் விசாரித்தார். பாக்சிக்குக்கு எங்கள் திட்டம் எதுவும் தெரியாது. அவர் பெருமையாக, இது இந்தத் தம்பியின் மீன், புரட்டாசி மாதத்திலிருந்து என்னிடம் சாப்பிடுகிறது, என் பிள்ளைகளைவிடச் சொன்ன பேச்சுக் கேட்கிறது என்றார். அத்தான் வானத்தைப் பார்த்தார். எனக்கு ஆபீஸ் கிளார்க்கின் முகம், பார்த்ததே இல்லை என்றாலும், தெளிவாகத் தெரிந்தது.

"ஏன் தம்பி?" என்றார் அவர் என்னிடம். கோபமாகக்கூட இல்லை. விசாரணை மாதிரி.

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தால்தானே. "ஐப்பசி முடியறப்ப காத்து மாறிரும் மாமா. தண்ணி கலங்கிட்டா கொடுவா கெடைக்காது. நீங்க வர்ற அன்னிக்கு இல்லன்னா என்ன பண்றது? அதான் புரட்டாசிலேயே பாயை விட்டுப் புடிச்சு வெச்சோம்."

"எடையில செத்துப் போயிருந்தா?"

"அதுக்கு பாய் கடையில சார்டின் டின்னு எடுத்து வெச்சிருக்கேன் மாமா. பெரிய டின்னு, மூணு."

"டின்னு கெட்டுப் போயிருந்தா?"

"நேத்தே ஒண்ணத் தொறந்து பாத்துட்டேன். நல்லாருக்கு. அப்பவும் சரியில்லன்னா கத்திரிக்கா வாங்கி வெச்சிருக்கு."

குடையைத் தட்டப் போனவர், மீனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எங்கோ வடக்கே இடி உருண்டது.

இந்த இடத்தில் அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் பட்டறை ஒன்றில் முப்பது வருஷமாகச் சாமான் அறையைக் காத்தவர் அவர். கேட்டு வருகிறவர்களெல்லாம் கடைசி நிமிஷத்தில் வருகிறவர்கள், எதையும் முன்னால் யோசிக்காதவர்கள், உலகமே அப்படித்தான் என்பது அவருடைய முப்பது வருஷத்து மனத்தாங்கல். வந்திருந்த மற்ற இரண்டு வரன்களும் நாளைக்கு என்ன என்று கேட்டால் சிரிக்கிற பையன்களாம். இது எனக்குப் பிற்பாடு அவர் மகள் சொல்லித்தான் தெரியும்.

பாக்சிக் வலைக் கரண்டியை எடுத்துவந்து, மீனை ஏற்றவா என்று கேட்டார். ஸ்டோர் கீப்பர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேணாம். ஸ்டாக்குல இருக்கிற சாமான அவசியமில்லாம வெளிய எடுக்கக்கூடாது. இன்னிக்குத்தான் டின்னு இருக்கே. இது இருக்கட்டும் மாப்பிள்ள, மறுவீட்டு விருந்துக்கு ஆகும்."

நான் சரி மாமா என்று தலையாட்டிவிட்டு, தை மாதம் வரைக்கும் கூண்டு தாங்குமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அத்தான்தான் என் முதுகில் ஒரு அறை விட்டார். "டேய், மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாருடா." தண்ணீருக்குள்ளிருந்து பாய், யாராவது தன்னை மேலே தூக்கினால் தானும் சந்தோஷப்படுவதாகச் சொன்னார்.

மீனை வலைக் கரண்டியில் அள்ளிக் கூண்டுக்குள் திரும்பப் போட்டோம். மாமாவே மூடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் மூன்றாவது தடவை இழுத்தேன். தீனிக் காசு பற்றிப் பாக்சிக் கேட்டபோது, ஆரம்பத்திலிருந்து தை வரைக்கும் மொத்தமும் தன் செலவு, விருந்து முடிந்ததும் கணக்குப் பார்த்துத் தந்துவிடுவதாக மாமா சொன்னார். அதுவரைக்கும் நான் கொடுத்து வைப்பது என்று பேச்சு. ஐந்து பேரும் கேட்டோம். அதற்காகத்தான் ஐந்து பேரையும் முதலிலேயே சொன்னேன்.

கரைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் நனைந்த மழையில் மாமாவின் தலை மட்டும் காய்ந்திருந்தது. வீட்டில் அக்கா சட்டியில் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு கொடுவாவுக்குக் காத்திருந்தாள். நாங்கள் டின்னோடு போனோம். சம்பந்தி ஆகப்போகிறவருக்குச் சார்டினா என்று அவள் அடுப்படியில் அழுதாள். மாமா வெங்காயம் கூடுதலாகப் போட்ட அந்தச் சார்டின் சம்பாலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டின்னின் அடியில் இருந்த எழுத்தையும் படித்துப் பார்த்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. நடுவில் மார்கழி இருந்ததே.

அந்த மார்கழியில் வடக்குக் காற்று நாள் கணக்கில் ஓயவில்லை. சம்பான் போக வழியில்லை. சிராங்கூன் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஜாலான் புசாரில் எங்கள் கடைக்குள்ளே ஆணி டப்பாக்கள் மிதந்தன. காற்று தணிந்து நான் கெலோங்குக்குப் போனபோது கூண்டின் ஒரு பக்கமே இல்லை. மீனும் இல்லை. பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாக்சிக் சிரித்தார். டப்பாவால் மூன்று தட்டு. மீன் வந்து வாயைத் திறந்தது. கூண்டு உடைந்த நாளிலிருந்தே அது தினம் சாயங்காலம் வெளியிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறதாம். அதனால் தீனிக் காசில் குறைவு எதுவும் கிடையாது என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. கொடுத்துக்கொண்டே வந்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டவை எதுவும் நடக்கவில்லை. கவலைப்படாத மைக் செட் மட்டும் தாலி கட்டும்போது நின்றுபோயிற்று. மறுவீட்டு விருந்துக்கு முதல் நாள், மீனை எடுக்க அதே ஐந்து பேரும் போனோம். மாமா குடையால் தட்டினார்.

இரண்டு கொடுவா வந்தன.

இரண்டும் ஒரே நீளம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தன. எது நம் மீன் என்று மாமா கேட்டார். பாக்சிக் இடது பக்கத்ததைக் காட்டினார். அத்தான் வலது என்றார். மீன்கள் இடம் மாறிக்கொண்டன. இரண்டையும் தூக்கிச் சட்டியில் போட்டால் நம்முடையது எப்படியும் அதில் இருக்கும் என்று பாய் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. மாமா ஒப்பவில்லை. சாமான் அறையில் ஒன்று குறைந்தால் திருட்டு என்று எழுதிவிடலாம். ஒன்று கூடினால்? கூடினதுதான் பெரிய ஆபத்து. அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது.

"ஒண்ணு வெச்சோம், ரெண்டு இருக்கு. கணக்கு ஒதைக்குதே மாப்பிள்ள."

மேலும், மார்கழியில் கூண்டைவிட்டுப் போன மீன் ஸ்டாக் ஆகாது, வெளியில் நின்றதற்குத் தீனி போட்ட நாட்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும், அந்த இரண்டாவது மீன் எவ்வளவு தின்றது என்பதையும் கழிக்க வேண்டும், அதுவரை மொத்தப் பில்லும் நிற்கட்டும் என்றார். பாக்சிக் இரண்டாவது மீன் விருந்தாளி, அதற்கு நான் காசு வாங்கவில்லை என்று சத்தியம் பண்ணியும் பலனில்லை. நாங்கள் இரண்டு மீனுக்கும் தீனி போட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பினோம். மறுவீட்டு விருந்துக்கு ஆட்டுக்கறி.

அப்புறம் நாங்கள் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். பாய் கடையை மகனிடம் கொடுத்தார். தீபாவளிக்குத் தீபாவளி மாமா வருவார், குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்ததும், முதல் வேலையாக, "அந்த மீன் கணக்கு சரியாச்சா மாப்பிள்ள?" என்று, ஏதோ நான்தான் இழுத்தடிப்பதுபோல் கேட்பார். இன்னும் இல்லை மாமா என்பேன். ஒரு தடவை துணிந்து கேட்டுவிடலாம் என்று நினைத்து என் மனைவியிடம் யோசனை கேட்டேன்.

"கேக்காதீங்க. குடுத்துட்டார்னா அடுத்த வருஷம் எதைப் பத்திப் பேசறதுன்னு அப்பா கவலைப்படுவாரு" என்றாள்.

அதனால் கேட்கவில்லை. ஆனால் மறந்துவிடவும் இல்லை. புரட்டாசி நவமி கழிந்த ஞாயிறிலிருந்து தை மறுவீடு வரைக்கும், நாளைக்கு இருபது காசு வீதம், பாக்சிக்குக்கு என் கையிலிருந்து போய், என் மாமனாரிடமிருந்து இன்னும் எனக்கு வராத தொகை: இருபத்து நாலு வெள்ளி எண்பது காசு.